அக்கா பிள்ளை என்னை எப்படிக் கூப்பிடட்டும்? மாமாவும் இல்லாமல் சித்தியும் இல்லாமல் ஒரு முறைப்பெயர்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பலருக்கு இது சின்ன விஷயம். எங்கள் வீட்டில் இப்போது இதுதான் பேச்சு.

என் அக்கா மகள் பேசத் தொடங்கிவிட்டாள். "ம்மா", "தாத்தா", "காக்கா" மூன்றும் வந்தாயிற்று. அடுத்தது என் முறை. அம்மா என்னைக் காட்டி "மாமா சொல்லு, மாமா" என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வீட்டில் சொல்லியாகிவிட்டது. அழுகை, கோயில், ஜோசியர் எல்லாம் முடிந்து இப்போது ஒரு மாதிரி சமாதானமாக இருக்கிறோம். என்னைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போது அம்மா "அவங்க" என்கிறார். அதுவே பெரிது. ஆனால் பிள்ளை கூப்பிடுவதற்கு "அவங்க" உதவாதே.

பெயரைச் சொல்லியே கூப்பிடட்டும் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. தெருவில் இருக்கிற எல்லோரும் அவளுக்கு மாமா, அத்தை, ஆச்சி. கூடப் பிறந்த அக்காவின் பிள்ளைக்கு நான் மட்டும் வெறும் பெயரா? இங்கிலீஷில் அங்கிளையும் ஆன்டியையும் ஒட்டுப்போட்டுச் சில சொற்கள் செய்திருக்கிறார்கள். சொல்லிப் பார்த்தேன். மதுரையில் அதெல்லாம் எடுபடாது.

இன்னொருவரும் இருக்கிறார். வேலை தேடிச் சென்னைக்கு வந்த புதிதில் என்னைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டவர். ரத்த உறவு கிடையாது. அவரும் என்னைப் போலத்தான், வயதில் மிகவும் மூத்தவர். பிள்ளை அவரை என்னவென்று கூப்பிடுவாள்?

உங்கள் வீடுகளில் என்ன வழக்கம்? எது ஒட்டியது, எது ஒட்டவில்லை?

கம்மாக்கரை

நம்மிடமே ஒரு சொல் இருக்கிறதே, சகோ!

வலைப்பதிவுக் காலத்தில் புனைபெயரில் எழுதுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. "சகோதரரே" என்று எழுதினால் "நான் சகோதரி" என்று பதில் வரும். அந்தச் சங்கடத்தில்தான் "சகோ" அங்கே அப்படிப் பரவியது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, தேவை வந்தது, வால் அறுந்தது. (தேவாலய அறிவிப்புகளில் வரும் "சகோ." வேறு, அது பெரும்பாலும் ஆண்தான்.)

மொய்நோட்டு

சகோ சரி, ஆனால் அது சம வயதுக்காரர்களுக்கு. பேச்சு வராத பிள்ளை வீட்டுப் பெரியவரை சகோ என்று கூப்பிட்டால் சிரிப்புத்தான் வரும். "தோழர்" என்பதிலும் பால் கிடையாது, கட்சிக்காரர்கள் கணவன் மனைவியைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பால் சோறு ஊட்டும்போது தோழரா?

பனங்கிழங்கு

கனடாவின் ஸ்கார்பரோவில் இருந்து எழுதுகிறேன், ஊர் யாழ்ப்பாணம். எங்கட பக்கத்தில் அப்பா அம்மாவோடு பிறந்தவர்கள் அதிகம் என்பதால் பெரிய, சின்ன என்ற இரண்டு அடைமொழி போதாது. ஆகவே ஆசையம்மா, சீனியம்மா, சீனியப்பா, ஆசை மாமா, குஞ்சம்மா என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு எது என்பதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை. யார் செல்லமோ, யார் முதலில் தூக்கினார்களோ அதைப் பொறுத்து வந்துவிடும்.

என் தம்பியின் பிள்ளை ஆணும் பெண்ணும் இல்லை என்று பல்கலைக்கழகம் போன பிறகு சொன்னது. அதற்குக் கீழே சின்னப் பிள்ளைகள் நிறைய. அக்காவா அண்ணாவா என்று குழம்பினார்கள். என் தாயார்தான் வழி காட்டினவர். "ஆசை என்று சொல்லுங்கோ, பின்னுக்கு ஒன்றும் வேண்டாம்." அவ்வளவுதான். இப்போது எல்லோருக்கும் அந்தப் பிள்ளை "ஆசை". "ஆசை வந்திட்டுதா?", "ஆசைக்கு எடுத்து வை." முதல் பாதியில் அன்பு இருக்கிறது, பின் பாதியில்தான் ஆணும் பெண்ணும் இருக்கிறது. பின் பாதியை விட்டால் ஒரு நட்டமும் இல்லை.

உங்களுக்குச் "சீனி" பொருந்துமோ என்று பாருங்கள்.

வைகைக்கரை

ஐயோ, சீனி! இதை நான் யோசிக்கவே இல்லை. அம்மாவிடம் சொல்லிப் பார்க்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

கறார்காரன்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வாழ்க்கை உங்கள் இஷ்டம், அதில் எனக்குக் கருத்து இல்லை. ஆனால் முறைப்பெயரில் கை வைப்பது அவ்வளவு சுலபமில்லை என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

இங்கிலீஷ்காரனுக்கு அப்பாவின் தம்பியும் அங்கிள், அம்மாவின் தம்பியும் அங்கிள். நமக்கு அப்படியா? அம்மாவுடன் பிறந்தவர் பெண் என்றால் சித்தி. அவர் பிள்ளைகள் எனக்கு அண்ணன், தங்கை. அதே அம்மாவுடன் பிறந்தவர் ஆண் என்றால் மாமா. அவர் பிள்ளைகள் மச்சான், கொழுந்தியாள், கட்டிக்கொள்கிற முறை. அப்பா பக்கம் அப்படியே திரும்பும்: ஆண் என்றால் சித்தப்பா, பெண் என்றால் அத்தை. ஆக, நடுவில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதை வைத்துத்தான் அடுத்த தலைமுறை பங்காளியா மாமன் மச்சானா என்பதே முடிவாகிறது. அதை எடுத்துவிட்டால் நாளைக்கு ஒரு கல்யாணப் பேச்சில் முறை தெரியாமல் எல்லோரும் முழிப்பார்கள்.

ரெண்டுவால்

நாளைக்குக் கல்யாணமா? அந்தப் பிள்ளைக்கு இன்னும் முழுசாகப் பல்லே முளைக்கவில்லை.

தமிழாசிரியை_ஓய்வு

கறார்காரன் சொல்வதில் விஷயம் இருக்கிறது, சிரித்து ஒதுக்க வேண்டாம். நம் உறவுச் சொற்களைப் பற்றி எழுதிய மானிடவியலாளர்கள் அத்தனை பேரும் இந்த இடத்தில்தான் வந்து நிற்பார்கள். தொல்காப்பியரும் பெயரியலில் பெண்மை முறைப்பெயர், ஆண்மை முறைப்பெயர் என்று முறைப்பெயர் இரண்டே என்று கணக்கை முடித்துவிடுகிறார். அதே தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கென்று ஓர் ஈறு இல்லை, உயர்திணையின் ஈறுகளையே அவை கொள்ளும் என்றும் சொல்கிறார். மனிதர்கள் இருப்பது தெரிந்திருக்கிறது, உயர்திணை என்பதிலும் சந்தேகம் இல்லை. தனிச் சொல் மட்டும் இல்லை. வைகைக்கரையின் கேள்விக்கு வயது அதிகம் என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். ஒரு முறைப்பெயர் மூன்று சேதி சொல்லும். எந்தப் பக்கம், மூத்தவரா இளையவரா, ஆணா பெண்ணா. வைகைக்கரைக்கு மூன்றாவது சேதி மட்டும்தான் உறுத்துகிறது. முதல் இரண்டையும் அவர் விடத் தயாராக இல்லை, விடவும் வேண்டாம். "வெறும் பெயர் வேண்டாம்" என்று அவர் சொல்வதற்குப் பொருள் அதுதான். ஆகவே தேட வேண்டியது பாலை மட்டும் கழித்த சொல்.

அப்படிப்பட்ட சொற்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. சம்பந்தி என்றால் மாப்பிள்ளையின் அப்பாவும்தான், அம்மாவும்தான். தலைச்சன் என்றால் முதல் பிள்ளை, அது பெண்ணாக இருந்தாலும் தலைச்சன்தான். கடைக்குட்டி, பேரப்பிள்ளை, உடன்பிறப்பு. அண்ணா "தம்பிக்கு" என்று மடல் எழுதினார், கலைஞர் "உடன்பிறப்பே" என்று எழுதினார். இரண்டாவது மடலில் பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். அரசியலை விடுங்கள், சொல்லைப் பாருங்கள்.

சித்தப்பாவையும் சித்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிற்றப்பன், சிற்றன்னை. இரண்டிலும் பொதுவாக இருப்பது சிறு என்பது மட்டும்தான். அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. "சித்து" என்று கூப்பிட்டால் பெற்றோரைவிட இளைய உடன்பிறப்பு என்பது அப்படியே நிற்கிறது. மூத்தவராக இருந்தால் பெரியப்பா, பெரியம்மா இரண்டுக்கும் பொதுவாகப் "பெரியா". மாமாவுக்கும் அத்தைக்கும் இப்படிப் பொது முதல் கிடையாது. அந்தப் பக்கம் கொஞ்சம் கஷ்டம்தான்.

கீழக்கரை

டீச்சர் சொன்னது எங்கள் வீட்டில் ஏற்கெனவே நடக்கிறது, யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நாங்கள் சித்தப்பாவைச் சாச்சா என்போம், சித்தியைச் சாச்சி. என் தம்பி மகன் எல்லோரையுமே "சாச்சு" என்றுதான் கூப்பிடுவான். மூன்று பேர் ஒரே நேரத்தில் "என்னடா" என்போம். வேறு தொந்தரவு இல்லை.

ராமநாதபுரத்தான்

கறார்காரன் கேட்ட கேள்வி எங்கள் வீட்டில் நிஜமாகவே வந்தது.

அப்பாவுடன் பிறந்தவர். நான் சிறுவனாக இருந்தபோது அத்தை. கல்யாணம் ஆகி, ஒரு பெண் பிள்ளை பிறந்து, பிறகு அந்தக் கல்யாணம் முறிந்து, இப்போது திருநம்பியாக வாழ்கிறார். சித்தப்பா என்று கூப்பிட எங்களுக்குக் கொஞ்ச காலம் நாக்கு திரும்பவில்லை, இப்போது அத்தை என்ற சொல் நினைவுக்கே வருவதில்லை. சிக்கல் அவர் மகள். அத்தை மகள் என்றால் எனக்கு முறைப்பெண். சித்தப்பா மகள் என்றால் தங்கச்சி. சித்திரைத் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் ஒரு பெரியப்பா இதைக் கிளப்பிவிட்டார். ஆளுக்கொரு நியாயம். ஒருவர் மாற்றக் கூடாது என்கிறார், ஒருவர் மாறியே ஆக வேண்டும் என்கிறார்.

அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "பெத்தப்ப என்னவா இருந்துச்சோ அந்த முறை பிள்ளைக்கு. இப்ப என்னவா இருக்கோ அந்த முறை ஆளுக்கு. போய்ச் சாப்பிடுங்க."

இந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் அத்தை மகளைக் கட்டுவதில்லை. நானும் அவளும் சேர்ந்து படித்தவர்கள், அவள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். முறை என்பது ஆள் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிற விஷயம் என்பது என் கருத்து. தத்துப்பிள்ளைக்குப் பேசித் தீர்க்கவில்லையா? இரண்டு பக்கமும் உறவாகிற கல்யாணத்தில், "நீ எனக்குத் தங்கச்சியும் ஆகிறாய், அண்ணியும் ஆகிறாய், எதை வைத்துக்கொள்ளலாம்" என்று பந்தலிலேயே பேசி முடிக்கவில்லையா?

கறார்காரன்

அந்தக் கடைசி உதாரணம் சரி. எங்கள் வீட்டிலேயே அப்படி ஒன்று உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

நானிவீடு

கொஞ்சம் வேறு மாதிரி ஒன்று சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம்.

நான் திருநங்கை. ஊரைவிட்டு வந்தபோது எனக்கு யாரும் இல்லை. ஜமாத்தில், அதாவது எங்கள் திருநங்கைகளின் கூட்டுக் குடும்பத்தில், சேர்ந்தபோது அம்மா கிடைத்தார், அக்காக்கள் கிடைத்தார்கள், அம்மாவின் அம்மா எனக்கு நானி. குரு, சேலா (சிஷ்யை) என்பது ஒரு பக்கம், அம்மா, மகள் என்பது ஒரு பக்கம். இன்றைக்கு எனக்கும் மகள்கள் இருக்கிறார்கள். ரத்தம் இல்லாத குடும்பம் எப்படிக் கட்டுவது என்பதை எங்களிடம் கேளுங்கள். அதில் கண்டிப்பும் உண்டு, சண்டையும் உண்டு, எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செத்தால் தூக்கிப்போட ஆள் உண்டு.

இந்த வீட்டில் ஒவ்வொரு சொல்லும் பெண் சொல். வேண்டுமென்றே பெண் சொல். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், போலீஸ் ஸ்டேஷனில் எங்களை "அது" என்பார்கள். அந்த "அது"வைத் தாண்டி ஒரு குழந்தை "அக்கா" என்று கூப்பிடுகிற இடத்துக்கு வர நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இப்போது யாராவது மரியாதை என்று நினைத்து என்னை அக்காவும் இல்லாமல் அண்ணனும் இல்லாமல் பொதுவாக ஏதோ சொன்னால் எனக்கு வலிக்கும். வைகைக்கரைக்குச் சீனி நல்ல சொல், சந்தோஷமாக வைத்துக்கொள்ளட்டும். ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு எல்லோரும் போய் வீட்டுத் திருநங்கை அக்காவைச் "சித்து" ஆக்கிவிடாதீர்கள். முதலில் அந்த ஆளைக் கேளுங்கள்.

தமிழாசிரியை_ஓய்வு

நூற்றுக்கு நூறு சரி, அம்மா. நான் சொன்ன சொற்கள் கேட்பவருக்கு மட்டும்தான்.

"அது" பற்றி ஒரு பக்கக் குறிப்பு. தென்மாவட்டங்களில் "அக்கா வந்துச்சு, அம்மா சொல்லுச்சு" என்று பிரியமாகவே பேசுவோம். பிள்ளையை "அது சாப்பிட்டுச்சா" என்போம். ராமநாதபுரத்தானின் அப்பத்தா "என்னவா இருந்துச்சோ" என்று சொன்னதும் அந்தக் கணக்குத்தான். அதே அது, முன்பின் தெரியாத ஆள் ஒரு திருநங்கையைப் பார்த்துச் சொல்லும்போது அசிங்கப்படுத்துவதாகிறது. யார் வாயிலிருந்து, எந்தக் குரலில் என்பதுதான் கணக்கு. படர்க்கையில் "அவங்க" இருக்கும்வரை நமக்குப் பெரிய கஷ்டம் இல்லை, இங்கிலீஷ்காரர்கள் பட்ட பாட்டை நாம் படத் தேவையில்லை.

ரெண்டுவால்

எனக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒரு ரகசியம் சொல்லவா? நீங்கள் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாலும் பிள்ளை அதை உடைத்து வேறு ஒன்றாகத்தான் தரும். எங்கள் வீட்டில் ஜெயந்தி சித்தி "ஜித்தி" ஆனார். அப்பாவின் நண்பர் ஒருவர், பைக்கில் வருவார், அவர் "டுர்டுர்". அந்த ஆளுக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னும் டுர்டுர்தான். அவருடைய மனைவியே போனில் "டுர்டுர் இருக்காரா" என்று கேட்கிறார். எந்தக் கமிட்டியும் கண்டுபிடித்திருக்க முடியாத பெயர்.

இன்னொன்றும் உண்டு. ஊர்ப்பெயர். பெரிய குடும்பங்களில் அத்தைகள் நிறைய இருந்தால் கும்பகோணம் அத்தை, பழனி அத்தை என்பார்கள். நாளாவட்டத்தில் அத்தை உதிர்ந்துவிடும். "கும்பகோணம் போன் பண்ணுச்சு, பழனி வரலையாம்." வைகைக்கரை, உங்கள் சென்னைப் பெரியவரைப் பிள்ளை "சென்னை" என்று கூப்பிட்டால்கூட எங்கள் வீட்டுக் கணக்கில் அது முறைப்பெயர்தான்.

கொடிவேரி

கோபிச்செட்டிபாளையம் பக்கம். எங்களுக்கு அப்பச்சி என்றால் அம்மாவின் அப்பா. காரைக்குடியில் வேலை பார்த்தபோது ஒரு நகரத்தார் நண்பன் தன் அப்பாவை அப்பச்சி என்றான், நான் அவனுடைய தாத்தாவை வீடு முழுக்கத் தேடினேன். அவர்கள் வீட்டில் ஆச்சி என்றால் அக்கா. திருநெல்வேலியில் ஆச்சி என்றால் பாட்டி. ஒரே சொல் ஆற்றைத் தாண்டினால் ஆள் மாறுகிறது. ஆகவே "முறைப்பெயர் அசையாத கல்" என்கிற வாதம் எனக்குப் பிடிபடுவதில்லை. ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஓர் அகராதி வைத்திருக்கிறது, அதில் இன்னொரு பக்கம் கூடினால் என்ன?

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் சீனியும் சித்துவும் இரண்டையும் வைத்தேன். சித்து என்றால் சித்தி மாதிரி இருக்கிறது என்று அப்பாவுக்குத் தயக்கம். சீனி ஜெயித்தது. அம்மா பிள்ளையிடம் "சீனி சொல்லு" என்றார். அது "தீனி" என்றது. நான் வரும்போதெல்லாம் முறுக்கு வாங்கி வருவேன், அதனால் தீனியே பொருத்தம் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். ரெண்டுவால், நீங்கள் சொன்னபடியே ஆயிற்று.

ஆனால் இதைச் சொல்ல ஆரம்பித்ததும் அடுத்தது வந்துவிட்டது. தை மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு நான் ஒருவர்தான். மாமா என்ற சொல் வேண்டாம் என்றதும், "அப்படியானால் மடிக்கு வேறு ஆளைப் பார்க்கலாமா, ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறானே" என்று அத்தான் வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. சொல் வேண்டாம் என்றேன், மடி வேண்டாம் என்று சொல்லவில்லையே! அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே கம்மல் செய்யக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன்.

மொய்நோட்டு

இது நம்ம ஏரியா. எங்கள் குடும்பத்துக்கு இருபது வருடமாக மேடை, மைக், மொய் எல்லாம் தொழில்.

தாய்மாமன் சீர் என்பதில் ஊர் பார்ப்பது ஆண் வருகிறானா என்பதை இல்லை. பெண் பிறந்த வீட்டிலிருந்து சீர் வருகிறதா என்பதை. தட்டு எத்தனை, மேளம் உண்டா, கிடா உண்டா. தாய்மாமன் உயிரோடு இல்லாத வீடுகளில், வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில், பிறக்கவே பிறக்காத வீடுகளில் காது குத்தாமலா விடுகிறார்கள்? மாமன் முறையில் யாரையாவது உட்கார வைப்பார்கள். ஒரு ஊரில் அம்மாவின் அம்மாவே மடியில் வைத்துக்கொண்டார். தட்டானுக்கு வேண்டியது பிள்ளையின் தலையை ஆடாமல் பிடிக்கிற இரண்டு கை.

ஆகவே உறவில் பேசும்போது "மாமா" பேச்சையே எடுக்காதீர்கள். "பிறந்த வீட்டுச் சீரை நான் எடுத்து வருகிறேன், மடி என்னுடையது" என்று சொல்லுங்கள். பத்திரிகையில் "தாய்மாமன் சீர்" என்று போடும் இடத்தில் "தாய்வீட்டுச் சீர்" என்று போட்டுக் கீழே உங்கள் பெயர். அந்தச் சொல் பழகிய சொல்தான், யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மைக்கில் பேசுபவனுக்கும் மொய் எழுதுபவனுக்கும் முதல் நாளே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயில் சொன்னால் போதாது. பழக்கதோஷத்தில் "தாய்மாமன் அவர்கள்" என்று முழங்கிவிடுவான், மைக்கில் வந்தது வந்ததுதான். இப்போது பல ஊரில் மொய்யைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீது அடிக்கிறார்கள், அதிலும் உறவுமுறைக்கு ஒரு கட்டம் இருந்தால் அதையும் முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

கறார்காரன்

அத்தான் வீட்டாருக்கு ஒரு வரி: சீர் செய்கிற ஆளை விலக்கினால் சீரும் விலகும். இதைச் சொல்லிப் பாருங்கள், ஒன்றுவிட்ட தம்பி தானாகவே ஒதுங்கிவிடுவார்.

ரெண்டுவால்

கறார்காரன் இப்போது யார் பக்கம்?

கறார்காரன்

முறையின் பக்கம். முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறேன்.

வழக்குமன்றம்

வேறு கோணம். வைகைக்கரை சொன்ன சென்னைப் பெரியவர் விஷயத்தில் கூப்பிடுகிற பெயர் மட்டும் பார்த்தால் போதாது, காகிதத்தையும் பாருங்கள்.

2019-ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டத்தில் குடும்பம் என்றால் ரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து என்று எழுதி வைத்தார்கள். நானிவீடு சொன்ன அம்மா, மகள் உறவு அந்த வரையறைக்குள் வராது. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தன்பால் ஈர்ப்புள்ள ஒரு பெண்ணை அவர் வீட்டார் அடைத்து வைத்த வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதும் ஏற்கப்பட்ட கருத்து என்று சொன்னது. அதற்கு முன்னால் 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான், மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர் (இங்கிலீஷில் க்வியர்) போன்ற சொற்கள் அதில் உண்டு. அது ஆளைக் குறிப்பிடும் சொற்களின் பட்டியல். சோறு வைத்துவிட்டுக் கூப்பிடும் சொற்கள் அதில் கிடையாது, அது அரசின் வேலையும் இல்லை.

நடைமுறையில்: சொத்து இருந்தால் உயில் எழுதச் சொல்லுங்கள், வங்கியில் நியமனதாரர் பெயரைப் போடச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, மனநலச் சிகிச்சை விஷயத்தில் தன் சார்பில் பேச உறவினர் அல்லாத ஒருவரையும் எழுத்து மூலம் நியமிக்கலாம். வங்கிப் படிவத்தில் உறவுமுறை கேட்கும் இடத்தில் "நண்பர்" என்று எழுதினாலும் செல்லும்.

நானிவீடு

வக்கீல் சார் சொன்ன உயில் விஷயத்தைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். எங்கள் நானி போனபோது முப்பது வருடம் எட்டிப் பார்க்காத அண்ணன் மகன்கள் பீரோ சாவிக்கு வந்து நின்றார்கள்.

அந்தச் சென்னைப் பெரியவரை என்ன கூப்பிடுவது என்று அவரையே கேட்டீர்களா?

வைகைக்கரை

கேட்டேன். "உன் அக்கா பிள்ளை எனக்கு என்ன ஆகணும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பேரப்பிள்ளை என்றேன். "அப்ப அது பேரப்பிள்ளை, போதும். என்னை என்ன வேணா கூப்பிடட்டும், தாத்தான்னு மட்டும் வேண்டாம்" என்றார். அவருக்கு நிறையத் தாத்தா தொந்தரவு, பஸ்ஸில் எல்லோரும் "தாத்தா தள்ளி நில்லுங்க" என்பார்களாம்.

பனங்கிழங்கு

அவரை "ஆசை" ஆக்கிவிடுங்கோ. வீட்டில் ஒரு சீனி, ஒரு ஆசை. அடுத்து யாராவது வந்தால் குஞ்சு இருக்கு.

தமிழாசிரியை_ஓய்வு

அல்லது "பெரியவங்க". பிள்ளை வளர்ந்த பிறகு மரியாதைக்கும் நிற்கும். ஆனால் பனங்கிழங்கின் சொல்லோடு போட்டியிட எனக்குத் தைரியமில்லை.

மழலை_வாசல்

நான் விளையாட்டுப் பள்ளி (ப்ளே ஸ்கூல்) ஒன்றின் அலுவலகத்தில் இருக்கிறேன். இழை முழுக்கப் படித்தேன். வைகைக்கரை, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, அழைத்துப்போக வருபவர்களுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் உறவுமுறை என்று ஒரு கட்டம் இருக்கும். நிறையப் பேர் அங்கே மாமா, சித்தி என்றுதான் எழுதுகிறார்கள், ஆனால் அது கட்டாயம் இல்லை. "தாய்வழி உறவு" என்று எழுதிக் கொடுத்தாலும் நாங்கள் வாங்கிக்கொள்வோம். நாங்கள் சரிபார்ப்பது படம், அம்மா அல்லது அப்பாவின் கையெழுத்து, கைபேசி எண் மூன்றையும்தான். உங்கள் பள்ளியில் அலுவலகத்தில் யாராவது தயங்கினால் அக்காவின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் பிள்ளை உங்களை என்னவென்று கூப்பிடும் என்பதைச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் வாசலில் உங்களைப் பார்த்ததும் அது "தீனி, தீனி" என்று கத்தும், ஆயா பசிக்கிறதாக்கும் என்று பிஸ்கட்டை எடுத்து நீட்டிவிடுவார்.